கேள்வி கேட்டவர் பெயர் பவல்: தொடக்ககால அமெரிக்காவில் படித்த பெண்களின் அரசியல்

1787 செப்டம்பர். பிலடெல்பியாவில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை எழுதிய ஆண்கள் ஒருவழியாக வேலையை முடித்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 81 வயது. அவரிடம் ஒரு பெண்மணி, "என்ன டாக்டர், நமக்குக் கிடைத்திருப்பது குடியரசா, முடியாட்சியா?" என்று கேட்டார். "குடியரசுதான், உங்களால் காப்பாற்றிக்கொள்ள முடிந்தால்" என்றார் ஃபிராங்க்ளின்.

இந்தப் பதிலை அமெரிக்க அரசியல்வாதிகள் இன்றைக்கும் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். கேள்வி கேட்டவரைத்தான் மறந்துவிட்டார்கள். பலர் சொல்லும்போது அவர் 'யாரோ ஒரு பெண்' ஆகிவிடுகிறார். ஆனால் இந்த உரையாடலைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்த மேரிலாந்துப் பிரதிநிதி ஜேம்ஸ் மெக்ஹென்றி, அந்தப் பெண்மணி பிலடெல்பியாவின் திருமதி பவல் என்று குறிப்பும் சேர்த்திருக்கிறார்.

எலிசபெத் வில்லிங் பவல் வழியில் நின்று கேள்வி கேட்ட ஆள் இல்லை. கணவர் சாமுவேல் பவல் அந்நகரத்தின் மேயராக இருந்தவர். அவர்கள் வீட்டு விருந்துகளில் ஜார்ஜ் வாஷிங்டன் உட்பட அன்றைய பெரிய தலைகள் எல்லாம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். 1792 நவம்பரில், ஒரு பதவிக்காலம் போதும், ஊர் திரும்பலாம் என்ற எண்ணத்தில் வாஷிங்டன் இருந்தபோது, எலிசபெத் அவருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். நீங்கள் இப்போது விலகினால் கூட்டாட்சியை எதிர்ப்பவர்கள் அதையே காரணம் காட்டி ஒன்றியத்தைக் கலைக்கப் பார்ப்பார்கள் என்று அதில் வாதாடினார். அவருடைய அமைச்சர்களான ஹாமில்டன், ஜெஃபர்சன் போன்றவர்களும் வாஷிங்டனை இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால் இந்த ஒரு கடிதம்தான் அவர் மனதை மாற்றியது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நாட்டின் தலைவருக்கு அரசியல் கணக்குப் போட்டுக் காட்டும் இடத்தில் ஒரு பெண் இருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு ஓட்டு இல்லை. ஓட்டுப் போடாமல், பதவியில் இல்லாமல், மேடை ஏறாமல் ஒருவர் எப்படி அரசியலில் இருக்க முடியும்? இதைப் புரிந்துகொள்ளச் செல்வாக்கு வேறு, உரிமை வேறு என்று பிரித்துப் பார்க்கவேண்டும். எதிரில் இருப்பவர் காது கொடுக்கும்வரைதான் செல்வாக்கு. அவருக்குப் பிடிக்காவிட்டாலும் கணக்கில் சேர்வது உரிமை. அமெரிக்கா பிறந்த முதல் ஐம்பது, அறுபது ஆண்டுகளில் படித்த பெண்களுக்கு முதலாவது ஓரளவு இருந்தது, இரண்டாவது கிட்டத்தட்ட இல்லை.

சட்டம் பெண்ணை எப்படிப் பார்த்தது?

இங்கிலாந்தின் பொதுச்சட்டத்தில் 'கவர்ச்சர்' என்று ஒரு கோட்பாடு உண்டு. (கவர்ச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மூடுதல், போர்த்துதல் என்று பொருள்.) கல்யாணமானதும் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள், அந்த ஆள் கணவன். மனைவியின் கையில் இருக்கும் பணம் அவனுடையது. அவள் சம்பாதித்தால் அதுவும் அவனுடையது. அவள் தன் பெயரில் வழக்குப் போட முடியாது, ஒப்பந்தம் செய்ய முடியாது, அவன் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது. கல்யாணமாகாத பெண்ணுக்கும் கைம்பெண்ணுக்கும் இந்தக் கட்டு கிடையாது. ராஜா வேண்டாம் என்று சண்டை போட்ட அமெரிக்கர்கள் ராஜாவின் ஊரிலிருந்து வந்த இந்தச் சட்டத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

இது அரசியலில் எங்கே போய் முட்டும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். புரட்சியின்போது பிரிட்டன் பக்கம் நின்று நாட்டைவிட்டுப் போனவர்களின் சொத்தை மாசசூசெட்ஸ் அரசு பறிமுதல் செய்தது. அன்னா மார்ட்டின் என்ற பெண் தன் கணவரோடு போய்விட்டார், அவருக்குப் பிறந்த வீட்டுவழி வந்த சொத்தும் அரசிடம் போயிற்று. பிற்காலத்தில் அவர் மகன் வழக்குத் தொடுத்தார். 1805இல் நீதிமன்றம் மகனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. காரணம் என்ன தெரியுமா? கணவனோடு போகவேண்டியது மனைவியின் கடமை, அதனால் தன் நாட்டுக்கு விசுவாசமாக இருப்பதா இல்லையா என்று தானே முடிவு செய்யும் நிலையில் அவள் இல்லை, செய்யாத முடிவுக்கு அவளைத் தண்டிக்க முடியாது. சொத்துத் திரும்பி வந்தது. அதற்குக் கொடுத்த விலை, மனைவிக்கு அரசியல் மனம் என்று ஒன்று இல்லை என்ற தீர்ப்பு.

அப்போது 'படித்த பெண்' என்றால் யார்?

பட்டம் வாங்கியவர் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 1837இல் ஓஹையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரி ஆண்களோடு பெண்களையும் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளும்வரை அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நியூ இங்கிலாந்துப் பகுதியில் பைபிள் படிக்கத் தெரியவேண்டும் என்பதற்காகப் பெண் குழந்தைகளுக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எழுதக் கற்றுக்கொடுப்பது தனி வேலை. அது வியாபாரத்துக்குப் போகும் பையன்களுக்கு உரியது. பெண்ணுக்கு அந்த நேரத்தில் ஊசியும் நூலும் வந்துவிடும். இதனால்தான் பழைய பத்திரங்களில் கீறல் போட்ட பெண்களைப் பார்த்து, எல்லோரும் படிப்பறிவற்றவர்கள் என்று முடிவு கட்டக் கூடாது. கையெழுத்துப் போடத் தெரியாத பலர் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள். பாஸ்டன் நகரம் 1789இல் பொதுப் பள்ளிகளைப் பெண்களுக்குத் திறந்துவிட்டபோதுகூட, ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரைதான். மீதி ஆறு மாதமும் பையன்களுக்கு மட்டும்.

அதற்கு மேல் படிப்பு வேண்டுமென்றால் வீட்டு அலமாரியில் புத்தகம் இருக்கவேண்டும், அதைத் தொடவிடும் அப்பாவோ அண்ணனோ இருக்கவேண்டும். மெர்சி ஓடிஸ் வாரன் அப்படித்தான் படித்தார். 1728இல் மாசசூசெட்ஸின் பார்ன்ஸ்டபிளில் பிறந்தவர். பாதிரியாரான உறவினர் ஒருவர் அவர் சகோதரர்களுக்குப் பாடம் நடத்தியபோது இவரும் கூட உட்கார்ந்துகொண்டார். சகோதரர் ஜேம்ஸ் ஓடிஸ் அங்கிருந்து ஹார்வர்டு போனார். இவர் வீட்டுக்குப் போனார்.

பெயர் போடாத எழுத்து

வீட்டுக்குப் போன மெர்சி சும்மா இருக்கவில்லை. 1772இல் 'தி அடுலேட்டர்' என்ற நாடகம் ஆசிரியர் பெயரில்லாமல் பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் வந்தது. அதில் ரபாசியோ என்று ஒரு வில்லன். மாசசூசெட்ஸின் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனைத்தான் சொல்கிறார்கள் என்று படித்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. பாஸ்டனில் அன்றைக்கு நாடகம் போடவே சட்டப்படி தடை. எனவே இவை நடிக்க எழுதப்பட்டவை இல்லை, உரக்கப் படித்துச் சிரித்துக் கோபப்பட எழுதப்பட்டவை. அடுத்த மூன்று ஆண்டுகளில் இன்னும் இரண்டு வந்தன. கேலிதான் ஆயுதம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அப்போது அவரை எழுது எழுது என்று உற்சாகப்படுத்தியவர்களில் ஒருவர் குடும்ப நண்பர் ஜான் ஆடம்ஸ், பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டிய சம்பவத்தைக் கவிதையாக்கித் தரும்படி கேட்டவரும் அவர்தான். இந்த நட்பு எங்கே போய் நின்றது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

1788இல் புதிய அரசமைப்புச் சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு மாநிலமும் விவாதித்துக்கொண்டிருந்த நேரம். 'எ கொலம்பியன் பேட்ரியட்' என்ற புனைபெயரில் ஒரு துண்டு நூல் வெளிவந்தது. இந்தச் சட்டத்தில் பத்திரிகைச் சுதந்திரத்துக்குப் பாதுகாப்பு எங்கே, உரிமைகள் பட்டியல் எங்கே, ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பதவியில் உட்காருவதைத் தடுக்க என்ன வழி என்று அது அடுக்கடுக்காகக் கேட்டது. எல்ப்ரிட்ஜ் ஜெர்ரி என்ற அரசியல்வாதிதான் எழுதியிருக்கவேண்டும் என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரும் நம்பினார்கள். 20ஆம் நூற்றாண்டில், வாரன் வம்சத்தில் வந்த வரலாற்றாசிரியர் ஒருவர் பழைய கடிதம் ஒன்றைக் கொண்டு, எழுதியவர் மெர்சி என்று நிறுவினார். அந்தத் துண்டு நூல் கேட்டவற்றில் சில 1791இல் உரிமைகள் சாசனமாகச் சட்டத்தில் ஏறின. அதைக் கேட்ட குரல்கள் பல, இவருடையது அதில் ஒன்று.

1805இல்தான் சொந்தப் பெயரைப் போட்டார். அமெரிக்கப் புரட்சியின் வரலாறு, மூன்று தொகுதிகள். அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜெஃபர்சன் தனக்கும் தன் அமைச்சர்களுக்குமாக முன்பதிவு செய்தார். ஜான் ஆடம்ஸ் படித்தார். ஐரோப்பாவில் இருந்த காலத்தில் அவருக்கு முடியாட்சிமேல் மோகம் வந்துவிட்டதுபோல் மெர்சி எழுதியிருந்தார். 1807 கோடையில் ஆடம்ஸ் அடுத்தடுத்துக் கோபக் கடிதங்களாக எழுதித் தள்ளினார். மெர்சியும் விடவில்லை, வரிக்கு வரி பதில் எழுதினார். பேச்சு நின்றுபோயிற்று. சில ஆண்டுகளுக்குப் பிறகு பொது நண்பர்கள் நடுவில் புகுந்து சமாதானம் செய்துவைத்தார்கள். ஆனாலும் 1813இல் ஆடம்ஸ் ஜெர்ரிக்கு எழுதிய கடிதத்தில், வரலாறு பெண்களுக்கு உரிய துறை அன்று என்று ஒரு வரி இருக்கிறது. எதிராளியைக் குத்தினால் எழுது, என்னைக் குத்தினால் எழுதாதே. செல்வாக்கின் எல்லையை இதைவிடத் துல்லியமாக யாரும் கோடு போட்டுக் காட்டியதில்லை.

அபிகேல் கேட்டது ஓட்டா?

அதே ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகேல். பள்ளிக்கூடம் போனதே இல்லை. அதற்கான மனக்குறை அவர் கடிதங்களில் கடைசிவரை உண்டு. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எழுதியவற்றில் 1,100க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. 1776 மார்ச் 31 அன்று எழுதியதுதான் எல்லோருக்கும் தெரிந்த கடிதம். புதிய சட்டங்கள் எழுதும்போது பெண்களை நினைவில் வையுங்கள், கணவன்மார் கையில் வரம்பில்லாத அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள், முடிந்தால் எல்லா ஆண்களும் கொடுங்கோலர்கள் ஆவார்கள் என்றார். எங்கள் குரல் இல்லாத சட்டத்துக்கு நாங்கள் கட்டுப்படமாட்டோம், கலகம் செய்வோம் என்றும் பாதி விளையாட்டாக மிரட்டினார்.

இதை 'முதல் வாக்குரிமைக் கோரிக்கை' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. கடிதத்தை நிதானமாகப் படித்தால் அவர் குறி வைப்பது கணவனின் அதிகாரத்தை, அதாவது மேலே சொன்ன கவர்ச்சரை. ஓட்டைவிட அன்றைக்கு அதுதான் வீட்டுக்குள் வலித்த இடம்.

ஜான் பதில் எழுதினார்: உன் விசித்திரமான சட்டத்தொகுப்பைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. வீட்டுக்காரிக்குச் சிரிப்பு. ஆனால் அடுத்த மாதமே, மே 26 அன்று, ஜேம்ஸ் சல்லிவன் என்ற நண்பருக்கு அவர் எழுதிய கடிதத்தில் சிரிப்பைக் காணோம். ஆளப்படுபவர்களின் சம்மதமே ஆட்சிக்கு அடித்தளம் என்றால் பெண்களை எந்த நியாயத்தில் விலக்கிவைக்கிறோம் என்று தானே கேள்வி எழுப்பி, அதோடு மல்லுக்கட்டி, வாக்காளர் தகுதியில் கை வைக்க ஆரம்பித்தால் பெண்களும் ஓட்டுக் கேட்பார்கள், அதற்கு முடிவே இருக்காது என்று எச்சரிக்கிறார். மனைவி போட்ட கேள்வி உள்ளே போய்த் தைத்திருக்கிறது. ஒப்புக்கொண்டது மட்டும் வேறொரு ஆணிடம்.

அபிகேல் பேச்சோடு நிறுத்தியவர் இல்லை. கணவர் காங்கிரஸ், ஐரோப்பா என்று ஆண்டுக்கணக்கில் வெளியே இருந்தபோது பண்ணையையும் பணத்தையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான். ஜானுக்கு நிலம் வாங்குவதில் ஆசை. அபிகேலோ அரசுக் கடன் பத்திரங்களை விலை சரிந்த நேரத்தில் வாங்கி, குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். சட்டப்படி ஒரு காசும் தன்னுடையது இல்லாத அவர், 1816இல் உயில் எழுதினார். பேத்திகள், உறவுப் பெண்கள், வீட்டில் வேலை பார்த்த பெண்கள் என்று பெரும்பாலும் பெண்களுக்கே பிரித்துக் கொடுத்திருந்தார். செல்லாத உயில். 1818இல் அவர் இறந்ததும் ஜான் அதை அப்படியே நிறைவேற்றினார். மனசு வந்தது, செய்தார். வராவிட்டால் கேட்க நாதியில்லை.

குடியரசுத் தாய்மை

இனி, இந்தக் காலத்தைப் பற்றிப் படிக்கிற யாரும் தெரிந்துகொள்ளவேண்டிய கருத்து. 'ரிபப்ளிகன் மதர்ஹுட்' என்று 1976இல் வரலாற்றாசிரியர் லிண்டா கெர்பர் இதற்குப் பெயர் வைத்தார். தமிழில் குடியரசுத் தாய்மை என்று சொல்லலாம். இன்றைய ரிபப்ளிகன் கட்சியோடு இதற்கு எந்த உறவும் இல்லை.

வாதம் இப்படிப் போகும். முடியாட்சியில் குடிமக்கள் எப்படி இருந்தாலும் ராஜா பார்த்துக்கொள்வார். குடியரசில் ஆள்வதே குடிமக்கள். அவர்கள் நேர்மையும் தன்னலமின்மையும் இல்லாதவர்களாகப் போனால் ஆட்சியே கவிழ்ந்துவிடும். இந்தக் குணங்களைப் பிள்ளைக்கு முதலில் ஊட்டுவது யார்? தாய். படிக்காத தாய் எதை ஊட்டுவாள்? ஆகவே நாட்டுக்காகப் பெண்ணைப் படிக்கவை.

சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1787இல் பிலடெல்பியாவின் யங் லேடீஸ் அகாடமியில் நிகழ்த்திய உரை ஏறக்குறைய இதுதான். அந்தப் பள்ளி அப்போதுதான் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு ஆணுக்கும் ஆட்சியில் பங்கு கிடைக்கக்கூடும், ஆகவே மகன்களுக்குச் சுதந்திரத்தையும் அரசாட்சியையும் பற்றிச் சொல்லித்தரத் தாய்மாருக்குப் படிப்பு வேண்டும் என்றார். ஆங்கில இலக்கணம், கையெழுத்து, கணக்குப் பதிவு, புவியியல், வரலாறு, கொஞ்சம் வானியல் என்று பட்டியலும் கொடுத்தார். கணக்குப் பதிவு எதற்கு? கணவனின் சொத்தைப் பாதுகாக்க.

பெண் படிக்க வழி பிறந்தது. ஆனால் அந்தப் படிப்பு அவளுக்காக இல்லை, அவள் பெறப்போகும் மகனுக்காக. வீட்டு வாசலைத் திறந்துவிட்டு வெளிக்கேட்டைப் பூட்டிய கதை.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த காட்சி வருகிறது. அதே பள்ளியில் 1793இல் வரவேற்புரை நிகழ்த்த மேடையேறினார் பிரிசில்லா மேசன் என்ற மாணவி. தாயாவதற்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அவரோ, அறிவுக்கான வழிகளை எங்களுக்கு மறுத்துவிட்டு, பிறகு அறிவில்லை என்று எங்களையே பழித்தார்கள் என்றார். திருச்சபை, வழக்காடுமன்றம், செனட் மூன்றும் எங்களுக்கு அடைக்கப்பட்டிருக்கின்றன, அடைத்தது யார், ஆண் என்றார். பெண்களுக்கென்று தனியாக ஒரு செனட் வைத்தால் என்ன என்றும் கேட்டார். மகனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தந்த இலக்கணமும் சொல்வன்மையும் ஆறே ஆண்டில் இப்படித் திரும்பி வந்தன.

ஜூடித் சார்ஜென்ட் மரே இன்னும் முன்பே அங்கே போய்விட்டார். மாசசூசெட்ஸின் குளஸ்டர் துறைமுகத்துக் கப்பல் வணிகரின் மகள். தம்பியை ஹார்வர்டுக்கு அனுப்பினார்கள், இவரை அனுப்பவில்லை. 1790இல் 'கான்ஸ்டான்ஷியா' என்ற புனைபெயரில் ஆண் பெண் சமத்துவம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டு வயது ஆண் குழந்தையின் புத்தி இரண்டு வயதுப் பெண் குழந்தையின் புத்தியைவிட மேலானதா என்று கேட்கிறார். இல்லையே, அப்படியானால் பிறகு வருகிற வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஒருவனை ஏற்றிவிடுகிறார்கள், ஒருத்தியை அமுக்கிவிடுகிறார்கள் என்று அவரே பதிலும் சொல்கிறார். பெண்ணுரிமை பற்றி மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் எழுதிய புகழ்பெற்ற நூல் இங்கிலாந்தில் வெளிவந்தது 1792இல்.

பணம் சேர்த்தவர்கள், சட்டை தைத்தவர்கள்

எழுத்து மட்டும்தான் வழி என்று இல்லை. 1780இல் பிலடெல்பியாவில் எஸ்தர் டி பெர்ட் ரீட் 'ஓர் அமெரிக்கப் பெண்ணின் உணர்வுகள்' என்ற துண்டறிக்கையை அச்சிட்டார். பட்டாளத்துக்காக நிதி திரட்டப் பெண்கள் நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். மரியாதைப்பட்ட குடும்பத்துப் பெண்கள் முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டிக் காசு கேட்பது அன்றைக்கு முகம் சுளிக்கவைத்த காரியம். 3,00,000 டாலருக்கும் மேல் சேர்ந்தது. காகிதப் பணம் என்பதால் உண்மை மதிப்பு மிகக் குறைவு.

ஒவ்வொரு சிப்பாயின் கையிலும் ரொக்கமாகக் கொடுக்கவேண்டும் என்பது எஸ்தரின் விருப்பம். காசைக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள், சட்டையாகக் கொடுங்கள் என்றார் வாஷிங்டன். விட்டுக்கொடுத்தது பெண்கள்தான். அந்தச் செப்டம்பரிலேயே எஸ்தர் இறந்துபோனார். ஃபிராங்க்ளினின் மகள் சாரா பாஷ் வேலையைத் தொடர்ந்தார். 2,000க்கும் மேற்பட்ட சட்டைகள் தயாராயின. ஒவ்வொன்றிலும் அதைத் தைத்த பெண்ணின் பெயரும் இருந்தது.

பால்டிமோரில் அச்சகம் நடத்திய மேரி கேத்தரின் கொடார்டையும் சொல்லவேண்டும். கையெழுத்திட்டவர்களின் பெயர்களோடு சுதந்திரப் பிரகடனத்தை 1777 ஜனவரியில் அச்சிட்டவர் அவர். கீழே தன் பெயரை முழுசாகப் போட்டுக்கொண்டார். பெயரை மறைத்து எழுதிய காலத்தில் அது சாதாரணத் துணிச்சல் இல்லை, அது ராஜத்துரோகக் காகிதம். 1775 முதல் அந்த ஊரின் அஞ்சல் தலைவராகவும் இருந்தார். 1789இல் அவரை நீக்கி ஒரு ஆணை நியமித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் 200க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

நியூ ஜெர்சியில் ஓட்டுப் போட்ட பெண்கள்

ஒரே ஒரு மாநிலத்தில் உரிமையும் இருந்தது. நியூ ஜெர்சியின் 1776ஆம் ஆண்டு அரசமைப்பு, 50 பவுண்டு சொத்துள்ள, வயது வந்த 'அனைத்து வசிப்பவர்களும்' வாக்களிக்கலாம் என்றது. ஆண் என்ற சொல் இல்லை. 1790இல் ஏழு மாவட்டங்களுக்கான தேர்தல் சட்டத்திலும் 1797இல் மாநிலம் முழுவதற்குமான சட்டத்திலும் 'அவன் அல்லது அவள்' என்றே எழுதினார்கள். கைம்பெண்களும் கல்யாணமாகாதவர்களும் வாக்களித்தார்கள். மனைவிமார் பெயரில் சொத்தே இருக்க முடியாததால் பெரும்பாலும் அவர்கள் வெளியேதான். அண்மையில் பழைய வாக்காளர் பட்டியல்களைத் தேடிய பிலடெல்பியா அருங்காட்சியகம் ஒன்று, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்களை அவற்றில் கண்டெடுத்திருக்கிறது.

1807இல் எல்லாம் முடிந்தது. அந்த ஆண்டு எசெக்ஸ் மாவட்ட நீதிமன்றத்தை எந்த ஊரில் கட்டுவது என்று நடந்த வாக்கெடுப்பில் கள்ள ஓட்டு வெள்ளமாகப் பாய்ந்தது. ஆண்கள் பாவாடை கட்டிக்கொண்டு வந்து மறுபடி ஓட்டுப் போட்டதாகக்கூடச் சொன்னார்கள். மோசடியைத் தடுக்கிறோம் என்று சட்டம் கொண்டுவந்து, வரி கட்டும் வெள்ளை ஆண் குடிமக்களுக்கு மட்டும் வாக்கு என்று ஆக்கிவிட்டார்கள். பாவாடை கட்டியவன் ஆண், ஓட்டுப் பறிபோனது பெண்ணுக்கும் கறுப்பினத்தவருக்கும். கட்சிகளின் தேர்தல் கணக்கும் இதற்குள் இருந்தது. கவனிக்க: இந்த உரிமை வந்தது சொத்தை வைத்து, படிப்பை வைத்து அல்ல. குடியரசுத் தாயைப் புகழ்ந்த நாவுகளில் எதுவும் அதைக் காப்பாற்ற நீளவில்லை.

அலமாரியே இல்லாதவர்கள்

இதுவரை சொன்ன பெண்கள் எல்லோரும் வெள்ளையர், பெரும்பாலும் வசதியான வீட்டார். 1761இல் ஏழெட்டு வயதில் அடிமைக் கப்பலில் பாஸ்டன் வந்திறங்கிய குழந்தைக்கு, வந்த கப்பலின் பெயரையே வைத்தார்கள்: ஃபிலிஸ். விலைக்கு வாங்கிய வீட்லி குடும்பம் அவருக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்தது வழக்கத்தை மீறிய செயல். 1773இல் அவர் கவிதைத் தொகுப்பு லண்டனில் வெளிவந்தபோது, இதை எழுதியது இந்தப் பெண்தான் என்று பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள் சான்று கொடுக்கவேண்டியிருந்தது. 1775இல் வாஷிங்டனுக்குக் கவிதை எழுதி அனுப்பினார், வாஷிங்டன் மரியாதையாகப் பதில் எழுதினார். ஜெஃபர்சனோ இவர் கவிதைகள் விமர்சனத்துக்கே தகுதியற்றவை என்று எழுதினார். கறுப்பினத்தவருக்கு அறிவாற்றல் உண்டா என்ற கேடுகெட்ட விவாதத்தில் ஃபிலிஸ் வீட்லியின் ஒவ்வொரு அடியும் சாட்சியமாக நின்றது. அவருடைய படிப்பே அரசியலாகிவிட்டது.

எழுதப் படிக்கவே தெரியாத எலிசபெத் ஃபிரீமனை இங்கே விட்டுவிட்டால் படிப்புத்தான் எல்லாம் என்ற தப்பான எண்ணம் வந்துவிடும். மாசசூசெட்ஸில் அடிமையாக இருந்தவர். எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்ற சொற்கள் காதில் விழுந்தன. அப்படியானால் நான்? தியோடர் செட்ஜ்விக் என்ற வழக்கறிஞரிடம் போனார். 1781இல் வழக்கு வென்று விடுதலை பெற்றார். அந்த மாநிலத்தில் அடிமைமுறை சரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மகள்களின் காலம்

1790களிலிருந்து பெண்களுக்கான அகாடமிகள் ஊர் ஊராக முளைத்தன. 1819இல் எம்மா வில்லார்ட் நியூயார்க் சட்டமன்றத்தின்முன் ஒரு திட்டத்தை வைத்தார்: பெண் கல்விக்கு அரசு பணம் தரவேண்டும். காரணமாக அவர் காட்டியதும் தாய்மைதான், வருங்காலக் குடிமக்களை வளர்ப்பவர்கள் நாங்கள் என்றார். சட்டமன்றம் பாராட்டியது, பணம் தரவில்லை. டிராய் நகரம் 4,000 டாலர் திரட்டித் தர, 1821இல் அங்கே பள்ளி தொடங்கினார்.

இந்த அலை நம் பக்கமும் வந்திருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் ஊரிலிருந்து வந்த ஹாரியட் வின்ஸ்லோ 1824இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். நல்ல தாயும் மனைவியும் உருவாக்குவோம் என்ற அதே வாதத்தின் மிஷனரி வடிவம் அது. அவர் கணவர் மிரன் வின்ஸ்லோவின் பெயர் தமிழ் அகராதி புரட்டுவோருக்குத் தெரியும். ஹாரியட்டின் பெயர் உடுவிலுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹார்ட்ஃபோர்டில் பெண்கள் பள்ளி நடத்திய கேத்தரின் பீச்சர், செரோக்கி முதலான பூர்வகுடிகளைச் சொந்த மண்ணிலிருந்து துரத்தும் சட்டத்துக்கு எதிராக 1829இல் பெண்களுக்கு ஒரு சுற்றறிக்கை எழுதினார். அதுவும் பெயரில்லாமல்தான். பல ஊர்ப் பெண்கள் காங்கிரசுக்கு மனு அனுப்பினார்கள். 1830இல் பிரதிநிதிகள் சபையில் 102க்கு 97 என்று மயிரிழையில் சட்டம் நிறைவேறிவிட்டது. மனுப் போடலாம் என்ற பழக்கம் பெண்களிடம் தங்கிவிட்டது, அடுத்து அடிமைமுறைக்கு எதிராக ஆயிரக்கணக்கில் கையெழுத்துகள் போயின. விந்தை என்னவென்றால், அந்த இயக்கத்தில் ஏஞ்சலினா கிரிம்கே பொதுமேடை ஏறியபோது, பெண்ணுக்கு இது அழகில்லை என்று 1837இல் எதிர்த்து எழுதியவர் அதே கேத்தரின் பீச்சர். ஏஞ்சலினா அடுத்த ஆண்டே மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழுவின் முன்னால் நின்று பேசினார்.

எம்மா வில்லார்டும் பெண்களுக்கு ஓட்டுக் கேட்டவர் இல்லை. ஆனால் டிராயில் அவருடைய பள்ளியில் படித்துவிட்டு 1830களின் தொடக்கத்தில் வெளியே வந்தார் எலிசபெத் கேடி ஸ்டான்டன். 1848இல் நியூயார்க் மாநிலத்தின் செனெகா ஃபால்ஸ் ஊரில் நடந்த பெண்ணுரிமைக் கூட்டத்துக்காகத் தோழிகளோடு சேர்ந்து அவர் எழுதிய பிரகடனம், 1776ஆம் ஆண்டுப் பிரகடனத்தை எடுத்துவைத்துக்கொண்டு அதே நடையில், எல்லா ஆண்களும் பெண்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று தொடங்கியது. ராஜாவின்மீது குற்றங்களை அடுக்கிய இடத்தில் ஆணின்மீது அடுக்கியது: கல்லூரிக் கதவுகளைச் சாத்திவைத்தான், திருமணமான பெண்ணைச் சட்டத்தின் கண்ணில் செத்தவளாக்கினான். 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள், இந்தத் தடவை சொந்தப் பெயரில்.